எட்டணா டிக்கெட்டும் இலவசக் குடையும்

குழந்தைகளே, இன்று ஒரு கப்பல் கதை சொல்லப்போகிறேன். கதை என்றால் கட்டுக்கதை இல்லை. நம் தூத்துக்குடி கடலில் உண்மையிலேயே நடந்தது. இதில் அரசனும் இல்லை, கடற்கொள்ளையரும் இல்லை. ஒரு வக்கீல் இருக்கிறார். அவர் ஏன் கோர்ட்டை விட்டுவிட்டுக் கடலுக்குப் போனார் என்பதுதான் கதை.

முதலில் அந்தக் கடலைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். இந்திய வரைபடத்தை எடுத்துத் தெற்கே பாருங்கள். தூத்துக்குடிக்கும் இலங்கைக்கும் நடுவே ஒரு வளைகுடா இருக்கிறதல்லவா? அதுதான் மன்னார் வளைகுடா. அதன் அடியில் பார் என்று சொல்லப்படும் பாறைத் திட்டுகள் உண்டு. அங்கேதான் முத்துச் சிப்பிகள் ஒட்டிக்கொண்டு வளரும். பாண்டியர் காலத்தில் கொற்கை, பிறகு காயல், அதற்கும் பிறகு தூத்துக்குடி என்று முத்து வாணிபம் ஊர் மாறி ஊர் வந்தது. கடற்கரைப் பரதவர்கள் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து, கயிற்றோடு கீழே இறங்குவார்கள். ஒரு நிமிடத்துக்குச் சற்று முன்பின், அவ்வளவுதான் நேரம். அதற்குள் கைக்குக் கிடைத்த சிப்பிகளை அள்ளிக் கூடையில் போட வேண்டும். படகில் இருப்பவர் கயிற்றை இழுத்து மேலே தூக்குவார். கயிற்றைப் பிடிக்கிறவர் மைத்துனராக இருப்பது வழக்கம் என்று அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். அக்காளையோ தங்கையையோ விதவையாக்க மனம் வராதல்லவா!

இந்த முத்துக்காகத்தான் போர்த்துக்கீசியர் வந்தார்கள். 1658-இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். பிறகு ஆங்கிலேயர் வந்தார்கள். ஆட்சி மாறினாலும், இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் இருந்த போக்குவரத்து மட்டும் நிற்கவில்லை. இலங்கைப் பக்கத்து முத்துப் பார்களில் குளிப்பு நடந்தால் நம் ஊர்ப் படகுகள் அங்கே போகும். 1905-இல் அங்கே பெரிய முத்துக் குளிப்பு நடந்தபோதும் இங்கிருந்து ஆட்கள் போனார்கள். அது மட்டுமா? அரிசி, கருப்பட்டி, வெங்காயம், மிளகாய், பருத்தித் துணி எல்லாம் கொழும்புக்குப் போகும். தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போன ஏழை ஜனங்களும் இந்த வழியாகத்தான் போனார்கள். 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்படும் வரை, சென்னையிலிருந்து கொழும்பு போகிறவர்கள் ரயிலில் தூத்துக்குடி வந்து, இங்கே கப்பல் ஏறுவார்கள். கரை ஓரத்தில் ஆழம் குறைவு. அதனால் நீராவிக் கப்பல் சில மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். சிறு படகில் போய்த்தான் அதில் ஏற வேண்டும்.

சரி, அந்தக் கப்பல் யாருடையது?

பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி. பெயர் நீளம். சுருக்கமாக பி.ஐ. கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். வெள்ளைக்காரர்களின் கம்பெனி. தூத்துக்குடி - கொழும்பு பாதையில் அவர்கள் வைத்ததுதான் கட்டணம். சரக்கு ஏற்ற இடம் தருவதும் தராததும் அவர்கள் இஷ்டம். நம் வியாபாரி தன் மூட்டையோடு கரையில் நின்று, அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பல நூறு ஆண்டுகள் தன் தோணியில் கடல் கடந்த ஊர்க்காரன், சொந்தக் கடலில் அடுத்தவன் தயவில் பயணம் செய்தான்.

இதைப் பார்த்துக்கொண்டிருந்தார் ஒரு வக்கீல். அவர்தான் வ.உ.சிதம்பரம் பிள்ளை.

ஓட்டப்பிடாரத்துப் பையன்

1872-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் தேதி ஓட்டப்பிடாரத்தில் பிறந்தார் சிதம்பரம். அப்பா உலகநாத பிள்ளை. அம்மா பரமாயி அம்மாள். பெயருக்கு முன்னால் இருக்கும் உ, அப்பாவின் பெயர்.  அப்பா பெயர் பெற்ற வக்கீல். ஓட்டப்பிடாரத்துக்குப் பக்கத்தில்தான் கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சி இருக்கிறது. அந்த மண்ணில் பிறந்த பிள்ளைக்குக் கட்டபொம்மன் கதையைத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா என்ன?

சிதம்பரம் எந்த நேரமும் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பையன் என்று நினைத்துவிடாதீர்கள். விளையாட்டுப் பிள்ளை. நீச்சல், சிலம்பம், சடுகுடு எல்லாம் உண்டு. பின்னாளில் அவர் தன் வாழ்க்கைக் கதையைச் செய்யுளாகவே எழுதினார். அதில் சிறு வயதில் ஆடிய விளையாட்டுகளையும் மறக்காமல் குறித்து வைத்தார். பெரிய தலைவர்கள் எல்லாரும் இப்படி விளையாட்டுகளுக்கும் இடம் கொடுத்து எழுதியிருந்தால் நமக்கு எவ்வளவு நன்றாக இருக்கும்!

தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் படித்தார். கொஞ்ச நாள் தாலுகா ஆபீசில் குமாஸ்தா வேலை பார்த்தார். பிறகு திருச்சி போய்ச் சட்டம் படித்து, 1895-இல் ஊருக்கே வந்து வக்கீல் தொழில் தொடங்கினார். இங்கே ஒரு வேடிக்கை. அப்பா வசதியானவர்களுக்கு வாதாடுவார். மகன் ஏழைகளுக்கு வாதாடுவார். சில வழக்குகளில் கோர்ட்டில் அப்பா ஒரு பக்கம், மகன் எதிர்ப்பக்கம்! அன்றிரவு அந்த வீட்டில் சாப்பாட்டு நேரம் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள். போலீசார் போட்ட பொய் வழக்குகளை உடைத்ததால் அதிகாரிகளுக்கு அவர் மேல் கோபம். 1900-இல் தொழிலைத் தூத்துக்குடிக்கு மாற்றிக்கொண்டார். அங்கே நன்றாகச் சம்பாதித்தார்.

நாற்பதாயிரம் பங்கு

1905-இல் வங்காளத்தை ஆங்கிலேயர் இரண்டாகப் பிரித்தார்கள். நாடு கொதித்தது. அந்நியத் துணி வேண்டாம், நம் நாட்டுப் பொருளே போதும் என்ற சுதேசி இயக்கம் பரவியது. எல்லாரும் துணியைப் பற்றிப் பேசினார்கள். வ.உ.சி. கப்பலைப் பற்றி யோசித்தார். உள்ளூர்ச் சரக்கே ஆனாலும் அது அவர்கள் கப்பலில்தானே போகிறது, கட்டணம் அவர்கள் பெட்டிக்குத்தானே போகிறது என்பது அவருடைய கேள்வி.

1906 அக்டோபர் 16-ஆம் தேதி சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவு செய்யப்பட்டது. மூலதனம் பத்து லட்சம் ரூபாய். ஒரு பங்கு 25 ரூபாய். அப்படியானால் எத்தனை பங்கு? ஆமாம், 40,000 பங்குகள். கம்பெனித் தலைவர், மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர். செயலாளர் ஹாஜி முகமது பக்கீர் சேட். இவர் ஒருவரே 8,000 பங்குகளை வாங்கினார். அதாவது இரண்டு லட்சம் ரூபாய்! வ.உ.சி. துணைச் செயலாளர். பதவி துணை என்றாலும் அலைச்சல் முழுவதும் அவருடையதுதான். ஊர் ஊராகப் போய்ப் பங்கு சேர்த்தார். சென்னையில் இந்தியா பத்திரிகையை நடத்திய அவருடைய நண்பர் பாரதியார், கம்பெனிக்கு ஆதரவாக எழுதினார்.

கம்பெனியின் நோக்கங்கள் என்று எழுதி வைத்ததைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் குறைந்த கட்டணத்தில் கப்பல் விடுவது ஒன்று. இந்தியா, இலங்கை மற்றும் ஆசிய நாட்டு மக்களிடையே கப்பல் தொழிலைப் பரப்புவது, இளைஞர்களுக்குக் கப்பல் ஓட்டவும் கட்டவும் கற்றுக்கொடுப்பது, கப்பல் கட்டும் துறைகள் அமைப்பது என்று பட்டியல் நீண்டது. கையில் ஒரு கப்பல்கூட இல்லாதபோது எழுதியது இது! இந்தியருக்கு மட்டும் என்று சுருக்கிக்கொள்ளாமல் ஆசியா முழுவதற்கும் சேர்த்து அவர் நினைத்தார் பாருங்கள், எனக்கு இதுதான் மிகவும் பிடித்த இடம்.

முதலில் ஷா லைன் என்ற கம்பெனியிடம் கப்பலை வாடகைக்கு எடுத்தார்கள். பி.ஐ. கம்பெனி சும்மா இருக்குமா? ஷா லைன்காரர்களை நெருக்கியது. அவர்கள் கப்பலைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். வ.உ.சி. உடனே இலங்கையிலிருந்து வேறு ஒரு கப்பலை வாடகைக்குப் பிடித்து ஓட்டினார். ஆனால் ஒன்று புரிந்துவிட்டது. வாடகைக் கப்பல் என்றால் எந்த நேரமும் பிடுங்கிக்கொள்வார்கள். சொந்தக் கப்பல் வேண்டும்.

பம்பாய்க்குப் புறப்பட்டார். திரும்பினால் கப்பலோடுதான் திரும்புவேன், இல்லாவிட்டால் அந்தக் கடலிலேயே விழுந்து உயிரை விடுவேன் என்று நண்பர்களிடம் சொல்லிவிட்டுப் போனாராம். திலகர் முதலிய தலைவர்கள் உதவினார்கள். காலியா என்ற கப்பல் கிடைத்தது. பிரான்ஸ் நாட்டிலிருந்து லாவோ என்ற கப்பலும் வாங்கப்பட்டது. ஒவ்வொன்றிலும் முதல் வகுப்பில் 42 பேர், இரண்டாம் வகுப்பில் 24 பேர், சாதாரண வகுப்பில் 1,300 பேர் போகலாம். 4,000 மூட்டை சரக்கும் ஏற்றலாம். 1907 மே மாதம் கப்பல்கள் தூத்துக்குடிக்கு வந்தபோது கடற்கரையில் திருவிழாக் கூட்டம்.

கட்டணச் சண்டை

இப்போதுதான் உண்மையான சண்டை தொடங்குகிறது. இதில் வாளும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. டிக்கெட்தான் ஆயுதம்.

பி.ஐ. கம்பெனி கொழும்புக் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி அரை ரூபாய், அதாவது எட்டணா என்று அறிவித்தது. (அந்தக் காலத்தில் பதினாறு அணா சேர்ந்தால் ஒரு ரூபாய்.) சுமார் 150 கடல் மைல் பயணம், எட்டணா! வெள்ளைக்காரக் கம்பெனி அடுத்து என்ன செய்தது தெரியுமா? எங்கள் கப்பலில் வந்தால் காசே வேண்டாம், சும்மா ஏறிக்கொள்ளுங்கள் என்றது. அதோடு விட்டார்களா? ஏறுகிறவர்களுக்கு ஒரு குடையும் இலவசம்!

சிரிப்பாக இருக்கிறதா? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு கடைக்காரர் பொருளையும் சும்மா கொடுத்து, மேலே ஒரு பரிசும் கொடுத்தால் அவர் எப்படிப் பிழைப்பார்? பிழைக்கலாம், அவருக்கு வேறு ஊரில் இருபது கடைகள் இருந்தால்! பி.ஐ. கம்பெனிக்குக் கல்கத்தா, ரங்கூன், பம்பாய் என்று எத்தனையோ பாதைகளில் கப்பல்கள் ஓடின. அரசாங்கத்தின் தபால் ஒப்பந்தப் பணமும் வந்தது. தூத்துக்குடியில் போகும் பணத்தை அங்கே எடுத்துக்கொள்ளலாம். வ.உ.சி.க்கு இருந்ததோ இந்த ஒரே பாதை, இரண்டே கப்பல். எதிரி எவ்வளவு நாள் நஷ்டப்படத் தயாராக இருக்கிறானோ, அவ்வளவு நாள் இவரும் தாக்குப்பிடிக்க வேண்டும். சுதேசிக் கம்பெனி மூடிய அடுத்த நாளே கட்டணம் மறுபடி ஏறிவிடும், குடையும் கிடைக்காது. இந்தத் தந்திரம் இன்றைக்கும் வியாபார உலகத்தில் நடக்கிறது. உங்கள் அப்பா, அம்மாவைக் கேட்டால் உதாரணம் சொல்வார்கள்.

ஜனங்களைக் குறை சொல்வதா? சுதேசிக் கப்பலில்தான் போவோம் என்று பிடிவாதமாக நின்றவர்கள் பலர். ஆனால் கொழும்பில் கூலி வேலை தேடிப் போகிற ஏழைக்கு எட்டணா பெரிய காசு. சும்மா போகலாம் என்றால் அவர் என்ன செய்வார்! காலியாவும் லாவோவும் பல நாட்கள் காலியாகவே போய்வந்தன. போதாததற்கு, அரசாங்க அதிகாரிகளும் பி.ஐ. கம்பெனி பக்கமே சாய்ந்தார்கள். சுதேசிக் கம்பெனியில் பணம் போட்டிருந்த சிலருக்குப் பயம் வந்தது. வ.உ.சி. அரசியலை விட்டுவிட்டுக் கப்பலை மட்டும் பார்த்தால் போதும் என்று அவர்கள் நினைத்தார்கள்.

அவர்கள் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் வ.உ.சி.க்குக் கப்பலும் அரசியலும் இரண்டு விஷயம் இல்லை. நேர்மாறாக, அவர் இன்னும் பெரிய சண்டைக்குள் இறங்கினார்.

பாதி சவரம்

தூத்துக்குடியில் கோரல் மில் என்ற நூல் ஆலை இருந்தது. ஹார்வி என்ற வெள்ளைக்கார நிறுவனத்தின் ஆலை. அந்த ஹார்விகள்தான் பி.ஐ. கப்பல் கம்பெனிக்கும் தூத்துக்குடி ஏஜெண்டுகள்! ஆலையில் ஆயிரத்துக்கும் அதிகமானோர் வேலை செய்தார்கள். விடிந்தது முதல் இருட்டும் வரை வேலை, குறைந்த கூலி, வார விடுமுறைகூடக் கிடையாது. 1908 பிப்ரவரி 27-ஆம் தேதி தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வ.உ.சி.யும் அவருடைய நண்பர் சுப்பிரமணிய சிவாவும் கடற்கரைக் கூட்டங்களில் பேசி அவர்களுக்குத் தைரியம் கொடுத்தார்கள். வேலைக்குப் போகாதவர் வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா? ஊரில் பணம் திரட்டிச் சோற்றுக்கு வழி செய்தார் வ.உ.சி.

ஊர் முழுக்கத் தொழிலாளர் பக்கம் நின்றது. ஒரு வக்கீல் மட்டும் இவர்களை எதிர்த்துப் பேசிக்கொண்டிருந்தார். அவர் சவரம் செய்துகொள்ள உட்கார்ந்தார். பாதி முகம் முடிந்தது. பேச்சுவாக்கில் அவர் யார் பக்கம் என்று தெரிந்ததும், சவரத் தொழிலாளி பாதியிலேயே கத்தியை மடித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்! மீதி முகத்துக்கு வேறு ஆளும் கிடைக்கவில்லை என்று சொல்வார்கள்.

ஒன்பது நாட்களில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது. வேலை நேரம் குறைந்தது. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடைத்தது. இந்தியாவில் தொழிற்சங்கம் என்ற பேச்சே பெரிதாக இல்லாத காலத்தில் கிடைத்த வெற்றி இது.

அதிகாரிகளுக்கு இது தாங்கவில்லை. மார்ச் 9-ஆம் தேதி, வங்காளத் தலைவர் விபின் சந்திர பாலர் சிறையிலிருந்து விடுதலையாவதைக் கொண்டாட ஊர்வலம் ஏற்பாடு ஆகியிருந்தது. கலெக்டர் விஞ்ச் வ.உ.சி.யைத் திருநெல்வேலிக்குக் கூப்பிட்டார். ஊரை விட்டுப் போக வேண்டும், அரசியலில் ஈடுபட மாட்டேன் என்று உறுதி எழுதித் தர வேண்டும் என்றார். வ.உ.சி. மறுத்தார். மார்ச் 12-ஆம் தேதி அவரும் சிவாவும் கைதானார்கள். அடுத்த நாள் திருநெல்வேலி எரிந்தது. கடைகள் மூடின, மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், அரசு அலுவலகங்களுக்குத் தீ வைத்தார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள்.

நாற்பது ஆண்டு

வழக்கை விசாரித்த நீதிபதியின் பெயர் பின்ஹே. 1908 ஜூலை 7-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. அரசுக்கு எதிராகப் பேசியதற்கு இருபது ஆண்டு. சிவாவுக்கு ஆதரவாக இருந்ததற்கு இன்னொரு இருபது ஆண்டு. ஆக நாற்பது ஆண்டு! அப்போது வ.உ.சி.க்கு வயது 35. ஒரு கணக்குப் போடுங்கள். அந்தத் தண்டனையை முழுவதும் அனுபவித்திருந்தால் 1948-இல்தான் வெளியே வந்திருப்பார். அதற்குள் நாடே விடுதலை பெற்றிருக்கும்! தீர்ப்பைக் கேட்ட அதிர்ச்சியில் அவருடைய தம்பி மீனாட்சிசுந்தரத்துக்குப் புத்தி பேதலித்துவிட்டது. கடைசிவரை அவர் தெளியவே இல்லை.

மேல்முறையீட்டில் தண்டனை வெகுவாகக் குறைந்தது. ஆனால் சிறைக்குள் நடந்தது குறையவில்லை. கோவைச் சிறையில் முதலில் சணல் இயந்திரத்தில் வேலை கொடுத்தார்கள். கைத் தோல் உரிந்து ரத்தம் வந்தது. பிறகு எண்ணெய்ச் செக்கில் பூட்டினார்கள். கிராமத்தில் செக்கைப் பார்த்திருக்கிறீர்களா? பெரிய கல் உரல், நடுவே உலக்கை, அதோடு இணைத்த நுகத்தில் மாட்டைக் கட்டிச் சுற்றிச் சுற்றி நடக்க விடுவார்கள். அந்த மாட்டின் இடத்தில் வ.உ.சி.! வெயிலில், வெறும் காலோடு. கப்பல் கம்பெனி நடத்தியவர், பெயர் பெற்ற வக்கீல், வட்டமாக நடந்துகொண்டே இருந்தார்.

அந்த நிலையிலும் அவர் படித்தார், எழுதினார் என்பதுதான் நம்ப முடியாதது. ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கில எழுத்தாளரின் நூலை மனம்போல வாழ்வு என்று தமிழாக்கினார். மெய்யறம் என்ற செய்யுள் நூல், சிறையில் கூட இருந்த கைதிகளுக்கு நல்லது சொல்லப்போய் உருவானது. 1910 டிசம்பரில் கண்ணூர்ச் சிறைக்கு மாற்றினார்கள்.

இதற்கிடையே கம்பெனி என்ன ஆயிற்று? தலைவர் உள்ளே போனதும் மற்றவர்கள் தளர்ந்து போனார்கள். 1911-க்குள் கம்பெனி கலைக்கப்பட்டது. கப்பல்கள் விற்பனைக்கு வந்தன. வாங்கியது யார் தெரியுமா? எந்தப் போட்டியாளர்களை எதிர்த்து வாங்கிய கப்பலோ, அவர்களிடமே அது போய்ச் சேர்ந்தது. செக்கு இழுத்ததைவிட இந்தச் செய்திதான் வ.உ.சி.யை அதிகம் வருத்தியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. (அதே 1911 ஜூன் மாதம் மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்றார். அது தனிக் கதை. இன்னொரு வாரம் பார்ப்போம்.)

1912 டிசம்பர் 24-ஆம் தேதி விடுதலை. கைதானபோது ஊரே எரிந்ததல்லவா? வெளியே வந்தபோது வாசலில் காத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் ஒருவர் சுப்பிரமணிய சிவா. அவரும் சிறையில்தான் இருந்தார். அங்கே பிடித்த தொழுநோயோடு வந்து நின்றார்.

மளிகைக் கடை

இனி ஊருக்குப் போகலாம் என்றால், திருநெல்வேலி மாவட்டத்துக்குள் நுழையக் கூடாது என்று தடை. வக்கீல் உரிமையையும் பறித்துவிட்டார்கள். மனைவி மீனாட்சி அம்மாளோடும் இரண்டு சிறு மகன்களோடும் சென்னைக்கு வந்தார். சிந்தாதிரிப்பேட்டை, மயிலாப்பூர், பெரம்பூர் என்று வீடு மாறிக்கொண்டே இருந்தார். மளிகைக் கடை வைத்தார். நெய் விற்றார், எண்ணெய் விற்றார். கொடுத்தே பழகிய கைக்கு வியாபாரம் வருமா? சரியாக ஓடவில்லை.

தென்னாப்பிரிக்காவில் இருந்த தமிழர்கள் அவருடைய நிலையைக் கேள்விப்பட்டுப் பணம் திரட்டினார்கள். அங்கிருந்து திரும்பியிருந்த காந்தியடிகள் மூலமாக அது வரவேண்டும். அதற்காக வ.உ.சி.க்கும் காந்தியடிகளுக்கும் இடையே கடிதங்கள் போயின, வந்தன. மாதங்கள் கடந்தன. 1916-இல் ஒருவழியாகக் கைக்கு வந்த தொகை 350 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. இரண்டு லட்சம், பத்து லட்சம் என்று கணக்குப் பார்த்தவர் அதற்காகக் காத்திருந்தார்.

பல வருடங்களுக்குப் பிறகு வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி, வக்கீல் தொழில் செய்யும் உரிமையைத் திரும்பப் பெற்றுத் தந்தார். வ.உ.சி. அந்த நன்றியை மறக்கவில்லை. பிறகு பிறந்த தன் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். ஆங்கில ஆட்சியோடு வாழ்நாள் முழுவதும் சண்டை போட்டவர், உதவி செய்த ஆங்கிலேயரின் பெயரை வீட்டுப் பிள்ளைக்கே வைத்தார், பாருங்கள்!

கோவில்பட்டியில் சில காலம் வக்கீல் தொழில் பார்த்தார். 1932-இல் தூத்துக்குடிக்கே வந்தார். தமிழ் நூல்களைப் பதிப்பிப்பதும் உரை எழுதுவதுமாகக் கடைசி வருடங்கள் போயின. தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் எழுதிய உரையைப் பதிப்பித்தார். திருக்குறள் அறத்துப்பாலுக்கு அவர் எழுதிய உரை 1935-இல் வந்தது. சாகும் முன் எழுதிய உயிலில், தான் யார் யாருக்குக் கடன்பட்டிருக்கிறேன் என்பதை எழுதி வைத்தார். 1936 நவம்பர் 18-ஆம் தேதி தூத்துக்குடியில் காலமானார். அவர் ஆசைப்பட்டபடி கடைசி நேரத்தில் அவரைக் காங்கிரஸ் அலுவலகத்துக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

கப்பலோட்டிய தமிழன் என்று ஊர் முழுக்கச் சொல்லும் பெயர் பிறகு நிலைத்தது. 1961-இல் அந்தப் பெயரிலேயே சிவாஜி கணேசன் நடித்த படம் வந்தது. வீட்டில் தாத்தா, பாட்டியைக் கேட்டுப் பாருங்கள், அழுதுகொண்டே பார்த்தோம் என்பார்கள். அதே 1961-ஐ ஒட்டித்தான் தூத்துக்குடிப் பக்கத்து முத்துக் குளிப்பும் நின்றது. சிப்பிகள் குறைந்துவிட்டன. தூத்துக்குடித் துறைமுகத்துக்கு 2011-இல் வ.உ.சிதம்பரனார் பெயரைச் சூட்டினார்கள். அதே ஆண்டு ஜூனில் தூத்துக்குடி - கொழும்பு பயணிகள் கப்பலும் மறுபடி தொடங்கியது. கப்பலின் பெயர் ஸ்கோசியா பிரின்ஸ். கூட்டம் சேரவில்லை, நஷ்டம் என்று சில மாதங்களிலேயே நின்றுபோனது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணம் அருகே உள்ள காங்கேசன்துறைக்கு ஒரு பயணிகள் கப்பல் விடப்பட்டது. கொழும்புக்குச் சரக்குப் போக்குவரத்து மட்டும் தூத்துக்குடியில் எப்போதும் உண்டு.

வ.உ.சி. இழுத்த செக்கு சென்னை கிண்டியில் காந்தி மண்டபத்தில் இருக்கிறது. விடுமுறையில் சென்னைக்குப் போனால் அப்பாவை அழைத்துப்போகச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று அந்தக் கல்லைப் பாருங்கள். அதைச் சுற்றி ஒருமுறை மெதுவாக நடந்து, எத்தனை அடி வருகிறது என்று எண்ணிக்கொண்டு வாருங்கள்.